கொலைத் தொடர் பார்த்து மாப்பிள்ளை பார்த்த கதை

அந்த ஞாயிறு மதியம் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், கீழ்மாடி ஆன்டி. ஆன்டியின் மகள் மட்டும் வரவில்லை. கொலைக்கதை என்றால் அவளுக்கு ஆகாது.

நான் போட்ட தொடரில் கொலையைக் காட்டவே மாட்டார்கள். இரண்டு அதிகாரிகள் சிறை சிறையாகப் போய், பல பேரைக் கொன்றவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தெரிந்தால், இன்னும் பிடிபடாதவனைக் கண்டுபிடிக்கலாமாம். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

“கார்ல பேசறானுங்க, ஆபீஸ்ல பேசறானுங்க, இப்ப ஜெயில்லயும் பேசறானுங்க. எப்பதான்டா பிடிப்பானுங்க?” என்றார் அப்பா.

“நம்ம சீரியலா இருந்தா இந்நேரம் ரெண்டு கல்யாணம் நின்னுருக்கும் லா” என்றார் ஆன்டி.

அம்மாவுக்கு வேறு கவலை. “கொலைகாரன் எவ்ளோ மரியாதையா பேசறான் பாருங்க. அந்த ஆபீசருதான் உர்ருனு இருக்கான். வீட்டுல சாப்பிடறதே இல்ல போல.”

அப்பா எழுந்து சட்டையைத் தேடினார். மமாக் கடைக்கு டீ குடிக்கக் கிளம்புகிறார் என்று புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் படித்தவன் நான். உளவியல் படித்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மையத்தில், பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளோடு பேசுவது என் வேலை. மகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், முப்பது வருடம் லோரி ஓட்டிய அப்பா “ஆபீஸ்ல” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். அவருக்கு என் வேலை விளங்கவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவசரப்பட்டுவிட்டேன்.

“உட்காருங்கப்பா. நான் படிச்சது இதான்.”

உட்கார்ந்தார். மூன்று எபிசோட் முடியும்வரை எழவில்லை.

அடுத்த வாரத்துக்குள் மமாக் கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது: லோரிக்காரர் மகன் ஆளைப் பார்த்தாலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவான். ஆன்டி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். மகளுக்குப் பூச்சோங்கிலிருந்து வரன். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சந்திப்பு.

“நீ சும்மா எதிர்ல உக்காந்து பாரு தம்பி. குடிப்பானா, கோவக்காரனானு சொல்லிரு, போதும்.”

“ஆன்டி, எனக்கு அதெல்லாம்…”

“வருவான்” என்றார் அப்பா.

எங்கள் பக்கம் ஆன்டி, அவர் மகள், அப்பா, நான். மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கை கழுவும் இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

“ப்ரோ, உங்கள சோதிக்கச் சொல்லி என்னக் கூட்டி வந்திருக்காங்க. எனக்கு அப்படியெல்லாம் சோதிக்கத் தெரியாது.”

“அப்ப நீங்க போலீஸ் இல்லையா? அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தொடரைப் பற்றிச் சொன்னேன். அவரும் பார்த்திருந்தார். “ரெண்டாவது எபிசோட்ல தூங்கிட்டேன், பாஸ்.”

பயம் தெளிந்த மனிதர் இலைக்குத் திரும்பியபின் நிறுத்தவே இல்லை. சனிக்கிழமை ஒரு பீர் குடிப்பதை அவரே சொன்னார். ஒரு நிச்சயதார்த்தம் முறிந்துபோனதையும் சொன்னார். ஆன்டியின் மகள், “ஏன் முறிஞ்சது?” என்று நேராகக் கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. பிறகு இருவரும் எங்களை மறந்துவிட்டுப் பேசினார்கள்.

அப்பா என் காதருகே குனிந்தார். “நீ ஒண்ணுமே கேக்கலயேடா?”

“அவரா பேசறாருப்பா. மையத்துலயும் அப்படித்தான். புள்ளைங்க பயம் போனா பேசுவாங்க. கொலைகாரனெல்லாம் யாரும் வர்றதில்ல. அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்.”

அப்பா சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். “பேச வெக்கறது என்ன லேசா?” என்றார்.

ஆன்டி பர்ஸைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். கடைக்காரர், “என்ன அண்ணே, பொண்ணு பாக்கறதா?” என்று கேட்டது எங்கள் மேசைவரை கேட்டது.

“அது அவங்களுக்கு. நான் மவனோட வந்தேன். ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கற புள்ளைங்கள பேச வெக்கறான். இங்கதான், பக்கத்துல வேலை.”

ஆறு இலை, இரண்டு மட்டன் வறுவல், எல்லோருக்கும் மோர்: நூற்று நான்கு ரிங்கிட் ஐம்பது சென்.