சாக்பீஸ் குளம்

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் கத்தியால் கயிறு அறுத்துப் புளி மூட்டை கட்டுகிறார் ஏழுமலை. போட்டிருப்பதோ கடலில் எண்ணெய் எடுப்பவர்களின் ஆரஞ்சு உடுப்பு. விசாரித்தால், கடலில் விழுந்தால் நீந்தித் தப்பும் பயிற்சியில் தேறியதாகச் சான்றிதழ் இருக்கிறதாம்.

“நீச்சல் எங்கே கத்துக்கிட்டீங்க?”

“போளூர்லங்க. சிமென்ட் தரையில சாக்பீஸால குளம் வரஞ்சி, குதிங்கன்னாங்க. குதிச்சோம். அப்பறம் துறைமுகத்துல நெஜத் தண்ணில எறக்குனாங்க, முழுகிட்டேன். தூக்கிப் போட்டு வூட்டுக்கு அனுப்சிட்டாங்க.”

எதிரே புத்தம்புது பேனர்: ‘ஆழ்கடல் எண்ணெய் வேலை. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி.’ அதில் ஹெல்மெட்டோடு சிரிப்பவர் இதே ஏழுமலை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்திருந்தாலும் இந்தப் படத்தைத்தான் மாட்டியிருப்பார்கள்.

“கத்தியைக் கொடுங்க.”

“இன்னாத்துக்குங்க?”

பேனரைக் காட்டுகிறேன். கத்தியைக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்து, நான் அறுக்கத் தோதாகப் பேனர் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார்.