மூடியில் பட்ட வெயில்

எங்கள் வீட்டில் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா ஹால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவாள். டவுன்ஷிப்பில் எல்லா குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அப்பா மைன்ஸில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர், பர்மனென்ட். அந்த மிதப்பு அவரைவிட எனக்குத்தான் அதிகம்.

நான் நாலாவது படிக்கும்போது கம்பெனியில் சுற்றுலாவுக்குத் தரும் எல்.டி.சி. போட்டு எங்களை அந்தமானுக்குக் கூட்டிப்போனார். மான், மயில், கடல்கழுகு எல்லாம் பார்க்க ஒருநாள் முழுக்க ஒரு சின்னத் தீவில் இருந்தோம். படகுக்காரர் தமிழர்தான். "ஓடைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, முதலை இருக்கு" என்று சொல்லித்தான் இறக்கிவிட்டார். அப்பா தலையை ஆட்டிச் சிரித்தார். யார் என்ன சொன்னாலும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

மதியம் நாங்கள் புளிசாதத்தைப் பிரித்தபோது, அப்பா மறுகரையில் நின்ற மானைப் போனில் படம் பிடித்தபடியே ஓடைக்கரையில் இறங்கியிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளிச் சேற்றில் கிடந்த கட்டை கண்ணைத் திறந்தது. படகுக்காரர் கத்தினார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா திரும்பவில்லை. கட்டை நகர்ந்தது. இந்த மனுஷனுக்கு என்ன இவ்வளவு அழுத்தம் என்று எனக்குக் கோபம் வந்தது.

அம்மா கத்தவில்லை. டிபன் கேரியர் மூடியை வெயிலில் சாய்த்து, அந்த வெளிச்சத்தை அப்பாவின் முன்னால் இரண்டு முறை அடித்தாள். அப்பா சட்டென்று திரும்பினார், அம்மா நீட்டிய விரலைப் பார்த்தார், விழுந்தடித்து மேலே ஏறினார். பின்னால் சேறு தெறித்தது.

திரும்பும்போது படகில் அம்மா என் காதில், "ஊருக்குப் போயி இத யார்கிட்டயும் சொல்லிகினு திரியாத" என்றாள். பயந்து ஓடிவந்தது அப்பாவுக்கு வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த வாரம், அப்பாவின் ஷிப்டுக்குப் புதிதாக வந்த இன்சார்ஜ் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா முதுகைக் காட்டி நின்று, அவருக்குக் காட்டுவதற்காக மான் படத்தை டிவியில் வரவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அப்பாவுக்கு மெடிக்கல், கண்ணும் காதும் சரியாக இருந்தால்தான் இயந்திரத்தில் ஏற விடுவார்கள் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். நான் நடுவில் புகுந்து அம்மாவின் சாமர்த்தியத்தை அளந்துவிட்டேன்.

"நாங்க எவ்ளோ கத்தினோம் மாமா, அப்பா திரும்பவே இல்ல. வெளிச்சம் பட்டாத்தான் திரும்புவாரு. வூட்லயும் அப்படித்தான்."

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை கூப்பிட்டார். அம்மாவின் கை சுவிட்ச் வரை போய் அப்படியே நின்றது. மாமா இன்னும் என்னைப் பாராட்டவில்லையே என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.