அண்ணி தேர்ந்தெடுத்த மாடல்

என் அண்ணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் பத்து சொல்லிவிடுவேன். ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அங்கேயும் பேச்சு குறைவுதான் என்று கேள்வி. அண்ணன் நேர் எதிர். அவன் இருந்தால் வீட்டில் சத்தம் ஓயாது. அவனுக்குப் போய் பக்கவாதம் வந்து, வலது கையோடு பேச்சும் போயிற்று. யாரைக் குறை சொல்வது?

பேச்சுப் பயிற்சி தருபவர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார்: "மனசுல வார்த்தை இருக்கு, வெளிய வரத்தான் வழியில்ல. சீக்கிரம் ஏதாவது வழி பண்ணிக் குடுங்க. இல்லன்னா முயற்சி பண்றதையே விட்டுடுவாரு."

டேப்லெட்டில் பொத்தான்கள் வைப்பது, தொட்டால் அது பேசுவது என்று அண்ணி அன்றே முடிவு செய்தாள். தயாராகக் கிடைத்தவை எல்லாம் செய்தி வாசிப்பது போலப் பேசின. அண்ணன் அப்படியா பேசுவான்? அவன் வாயில் வழக்கமாக வருகிற சொற்களையே பொத்தானாக்க நினைத்தாள். ஆபீஸ் வேலை, அவனைக் கவனிப்பது, இதற்கு நடுவே தானே உட்கார்ந்து எழுத முடியாது. அதனால் புரோகிராம் எழுதித் தரும் ஏஐ மாடல் ஒன்றைத் தேடினாள்.

ஆபீஸில் எல்லோரும் மெச்சுகிற பெரிய மாடலைத்தான் முதலில் பிடித்தாள். எள் என்றால் அது எண்ணெயாக நின்றது. சொற்களைக் கொடுத்த அன்றே பொத்தான் பலகை தயார். நிறமென்ன, படமென்ன! நான் வாயைப் பிளந்தேன்.

அண்ணன் இடது கை விரலைப் பலகை மேல் ஓட்டினான். தண்ணி, வலிக்குது, ஃபேன் எல்லாவற்றையும் தாண்டிப் போனான். மறுபடி மேலிருந்து தேடினான். பிறகு டேப்லெட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாளும் அதேதான். அதற்கப்புறம் தொடவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பொத்தான் சின்னதாக இருக்கிறதோ என்று அண்ணிக்குச் சந்தேகம். வேகமான சின்ன மாடல் ஒன்றிடம் கொடுத்துப் பார்த்தாள். அது வெறும் கிளிப்பிள்ளை. பெரிதாக்கு என்றால் பொத்தான் பெரிதானது. எழுத்து வெளியே வழிந்தது.

"அந்தப் பெருசையே கூப்பிடுங்களேன் அண்ணி. அதுக்குத்தான் மூளை இருக்கே."

"மூளை இருக்கு. ஆனா நான் சொல்லாததையும் செய்யுது. என்ன செஞ்சேன்னு சொல்லவும் மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை.

மூன்றாவதாக எடுத்தது நடுத்தரமான ஒன்று. வேலை கொடுப்பதற்கு முன்பே அதற்கு விதிகள் எழுதினாள். பேச்சு வழக்கைத் திருத்தாதே. என்னைக் கேட்காமல் எதையும் சேர்க்காதே, நீக்காதே. புரியாவிட்டால் கேள். கோப்புகளைப் படிக்க அனுமதி உண்டு, அழிக்கக் கிடையாது.

"புது மருமகளுக்குக்கூட இவ்வளவு கண்டிஷன் போடமாட்டாங்க" என்றேன்.

அது ஒரு வரிகூட எழுதாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டது. 'நீங்கள் கொடுத்த சொற்களில் "இந்தா" இருக்கிறது, பலகையில் இல்லை. "எடுத்துக்கோ" என்பதும் அதுவும் ஒரே பொருள் என்று முந்தைய மாடல் சேர்த்துவிட்டது கோப்பில் தெரிகிறது. இரண்டும் ஒன்றா?'

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா, சாவி எங்க?" "இந்தா, மழை வருது பாரு." இத்தனை நாளும் அவன் தேடியது அதைத்தான்.

'இது கொடுக்கிற இந்தா இல்லை, என்னைக் கூப்பிடுகிற இந்தா' என்று தட்டினாள். அடுத்த வரியும் தட்டினாள். 'தனிப் பொத்தான் வேண்டும். முதல் இடத்தில்.'

வேலை முடிந்ததும் டேப்லெட்டை அவன் மடியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அண்ணன் குனிந்து பார்த்தான். விரல் வேறெங்கும் போகவில்லை.

"இந்தா" என்றது ஏதோ ஒரு மெஷின் குரல்.

அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "என்னங்க? தண்ணி வேணுமா? வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினான். அவள் திரும்பி அறையைத் தாண்டுவதற்குள் மறுபடியும், "இந்தா."

வந்தாள். இந்த முறை என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கதான் இருக்கேன்" என்றாள்.