கதவைப் போய்ப் பார்த்தவர்

தூதரகத்தில் அவருக்கு வைத்த பெயர் முட்டை. வைத்தவர் கணக்கர். மாதக் கடைசியில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும் படிவத்தில் 'தூதரகத்தின் மூலம் முடிந்த வணிகம்' என்று ஒரு கட்டம் உண்டு. வணிகப் பிரிவின் ஒரே எழுத்தரான அவர், இருபத்து மூன்று வருடமாக அதில் பூஜ்யம்தான் எழுதிவந்தார்.

"என்ன சார், இந்த மாசமும் முட்டை போட்டாச்சா?" என்று கணக்கர் கேட்பார்.

"போட்டாச்சு, பத்திரமா எடுத்துட்டுப் போங்க" என்று அவரும் காகிதத்தை நீட்டுவார்.

வேலை செய்யாத மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரைப்போல் செருப்பு தேய்ந்த ஆள் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. அவர் அந்தத் தூதரகத்தின் நாட்டுக்காரர் அல்ல; தூதரகம் இருந்த நகரத்திலேயே பிறந்து, உள்ளூர் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். தூதர்கள் மூன்று வருடத்துக்கு ஒருவராக வந்தார்கள், போனார்கள். இவர் மட்டும் ஜன்னலோரத்து அதே நாற்காலியில் இருந்தார். யாருக்காக உழைத்தாரோ அந்த நாட்டை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அங்கிருந்து வரும் கடிதங்கள் வழியாகத்தான் பழக்கம்.

எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் நகரத்தில் இன்ன கம்பெனி எங்களிடம் சரக்குக் கேட்கிறது, நம்பி அனுப்பலாமா? பெரிய முதலாளிகள் இப்படி எழுதுவதில்லை; அவர்களுக்கு வக்கீல் உண்டு, சொந்த ஆட்கள் உண்டு. தகரக் கொட்டகையில் நாலு இயந்திரத்தை வைத்துக்கொண்டு மல்லாடுகிறவர்கள்தான் தூதரகத்துக்கு எழுதுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்படி ஒரு கடிதம் வந்தது. கண்ணாடி ஜாடி செய்கிற ஒரு அம்மாள் எழுதியிருந்தார். இவர் அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினார். இனிமையான குரலில் பதில் வந்தது. வழவழப்பான காகிதத்தில் கம்பெனியின் கடிதமும் வந்தது. 'அனுப்பலாம்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். சரக்கு வந்தது, அவர்கள் அதை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். அந்த அம்மாள் மறுபடி எழுதினார். திட்டவில்லை. 'ஐயா, ஒரு தடவை நேரில் போய் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வீர்களா?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

அவர் போய்ப் பார்த்தார். பூட்டியிருந்தது. அந்த வரி அவரை ஆயுள் முழுக்க விடவில்லை.

அன்றிலிருந்து நேரில் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை. பஸ் பிடித்துப் போவார். பெயர்ப்பலகையின் பெயின்ட் காய்ந்து எத்தனை நாள் இருக்கும் என்று பார்ப்பார். கிடங்கு என்று சொன்ன இடத்தில் தூசியைத் தவிர ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். வீட்டில் சீப்பே ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. பிறகு வந்து எழுதுவார்: அனுப்பலாம், அல்லது அனுப்பாதீர்கள். பாதிக்கு மேல் 'அனுப்பாதீர்கள்'தான்.

நடக்காமல் போன வணிகத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. நடந்த வணிகமோ, அவர் பார்வையில், வியாபாரிகள் பேசி முடித்தது. ஆக, பூஜ்யம். இன்னொரு கட்டம் சேர்க்கும்படி ஒரு தடவை அமைச்சகத்துக்கு எழுதினார். படிவத்தை மாற்ற இயலாது என்று பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இதைச் சொல்ல எதற்குப் பதினான்கு மாதம் என்று தெரியவில்லை.

பிறகு அந்த நாட்டில் பணமுடை வந்தது. வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். எந்தெந்தத் தூதரகம் வணிகத்தில் பிரயோஜனப்படவில்லையோ அதை மூடுவது என்று முடிவாயிற்று. பிரயோஜனத்தை அளக்க அந்தக் கட்டம்தான் அளவுகோல்.

தூதர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், களைத்துப் போயிருந்தார்.

"அஞ்சு வருஷத்துக்கும் திருத்தின படிவம் கேக்கறாங்க. மத்த தூதரகமெல்லாம் கோடிக் கணக்குல போடறாங்க. நீங்களும் ஒரு தொகையப் போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"நம்மகிட்ட நடந்ததெல்லாம் வியாபாரிங்க பாடுபட்டு முடிச்சது சார். நாம முடிச்சோம்னு எப்படி எழுதறது?"

"நீங்க போய்ப் பாத்து எழுதலேன்னா முடிஞ்சிருக்குமா?"

"முடிஞ்சும் இருக்கலாம் சார். எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சவன் யாரும் இல்ல இங்க. தெரிஞ்ச மாதிரி எழுதறாங்க, அவ்வளவுதான்."

அவர் படிவங்களை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அதே பூஜ்யங்களோடு திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "ஒரு நம்பர் எழுதினா கையா அழுகிப் போயிடும்?"

"பாக்காதத எழுதி ஒரு தடவ ஒரு குடும்பத்தையே கவுத்தேன். போதும்."

"இப்ப நம்ம குடும்பம் கவுந்தா பரவாயில்லையா?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "சரி விடுங்க, சீப்பு வித்துப் பொழச்சுக்கலாம்" என்றாள்.

தூதரகம் மூடப்பட்டது. பக்கத்து நாட்டிலுள்ள தூதரகம் இனி இங்கேயும் பார்த்துக்கொள்ளும் என்று வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். முத்திரைகளை ஒரு பெட்டியில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள். கணக்கர் கிளம்பும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முட்டை என்று கூப்பிடவில்லை.

நாலு மாதம் கழித்து, அந்தக் கட்டடத்தின் காவலாளி ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். "மூடினது தெரியாம அனுப்பியிருக்காங்க போல. உங்க பிரிவு பேரு போட்டிருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

சைக்கிள் மணி செய்கிற ஒரு அண்ணன் தங்கை எழுதியது. இருபதாயிரம் மணிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. கொஞ்சம் முன்பணம், மீதி சரக்கு சேர்ந்ததும். கொட்டகையை அடகு வைத்துப் பித்தளை வாங்கப்போகிறோம், நம்பலாமா?

அவர் மறுநாளே பஸ் ஏறினார். மூன்றாவது மாடி, ஒரே அறை. ஒட்டுப்பலகையில் பெயர், தொட்டால் விரலில் ஒட்டுகிற பெயின்ட். கீழே கடைக்காரர், "ரெண்டு மாசத்துக்குத்தான் வாடகைக்கு எடுத்திருக்காங்க" என்றார். ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

'அனுப்பாதீர்கள்' என்று எழுதினார். பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதினார். கடைசியில் பழக்கதோஷத்தில் வலது கை முத்திரையைத் தேடி மேஜையைத் தடவியது. வெறும் வெள்ளைத்தாள். தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி, கீழே 'முன்னாள் எழுத்தர்' என்று சேர்த்து அனுப்பினார். பதில் இல்லை, கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் மார்க்கெட் பக்கம் மனைவியோடு போய்க்கொண்டிருந்தார். நடைபாதையில் தார்ப்பாய் விரித்து ஒருவன் எதையோ மலையாகக் குவித்து, "அள்ளிக்கோ, அள்ளிக்கோ" என்று கூவிக்கொண்டிருந்தான். சைக்கிள் மணிகள். ஒன்றை எடுத்துத் திருப்பினார். அடியில் அந்தக் கொட்டகையின் பெயர் பொறித்திருந்தது. விரலால் தட்டினார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கணீரென்று ஒலித்தது.

"என்னங்க, ஏன் அப்படியே நிக்கறீங்க?"

"நான் அந்தக் கட்டத்துல ஒரு நம்பர எழுதியிருந்தா முத்திரை இருந்திருக்கும்" என்றார். "முத்திரை இருந்திருந்தா இத அனுப்பியிருக்க மாட்டாங்க."

மனைவி அவர் கையிலிருந்த மணியை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. இந்தத் தடவை அவர் வீட்டு முகவரிக்கே வந்தது. தங்கை எழுதியிருந்தாள். 'உங்கள் கடிதத்தில் முத்திரை இல்லை. அமைச்சகத்தில் விசாரித்தோம், அந்தப் பெயரில் யாரும் வேலையில் இல்லை என்றார்கள். போட்டிக்காரர்கள் இப்படித்தான் போலிக் கடிதம் போடுவார்கள் என்று வாங்குகிறவர் சொன்னார். அனுப்பிவிட்டோம். இப்போது அவர் பேசுவதில்லை. அண்ணன் சாப்பிடுவதில்லை. உங்களை நம்பாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஐயா, ஒரு தடவை போய் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வீர்களா?'

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? அங்க என்ன இருக்கும்னுதான் தெரியுமே" என்றாள் மனைவி.

"தெரியும்" என்றார். "பாக்காம எழுதக் கூடாது."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.