இறக்கைமேல் மூன்று சுழல்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வலைக்காரி என்றுதான் பெயர். காற்றாலை இறக்கையைக் கணினியில் வரைந்து, சுற்றியுள்ள காற்றைக் கோடிக்கணக்கான பொடிக் கட்டங்களாகப் பிரித்து வலை பின்னுவது அவள் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகும் என்று கணினி கணக்குப் போடும். ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, நாற்பது வயதில் இதற்குள் குதித்தவள்.

புது இறக்கைக்கான கணக்கு பத்தொன்பது நாள் ஓடியது. முடிந்த அன்று காலை படத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இறக்கையின் தடித்த பகுதியில் ஒட்டி வழுக்கிப் போக வேண்டிய காற்று, நடுவாக மூன்று இடத்தில் பிய்த்துக்கொண்டு எழும்பி, பெரிய சுழல்களாகத் திரும்பியிருந்தது. இப்படிச் சுழன்றால் இறக்கையைச் சுற்றும் விசை குறைந்துபோகும்.

மேலாளர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சோதனைக் கூடத்துல அளந்தாச்சு. அங்க அப்படி ஒண்ணுமே இல்லை. உங்க வலைலதான் எங்கயோ ஓட்டை."

அவளுக்குச் சுருக்கென்றது. கட்டங்களை இன்னும் பொடியாக்கி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே மூன்று!

விடுவிடுவென்று சோதனைக் கூடத்துக்கு நடந்தாள். மாதிரி இறக்கைமேல் ராட்சச விசிறியால் காற்றை ஊதிப் பார்க்கும் இடம் அது. அங்கிருந்த மெக்கானிக்கைக் கேட்டாள்.

"அண்ணே, அழுத்தம் அளக்கிற துளையெல்லாம் எங்கெங்க போட்டிருக்கீங்க?"

"இந்த ஓரத்துல ஒரு வரிசை, அந்த ஓரத்துல ஒரு வரிசை."

"நடுவுல?"

அவர் தலையைச் சொறிந்தார். "நடுவுல... அட, ஒண்ணும் இல்லையேம்மா!" அவள் படத்தில் சுழல்கள் எழுந்ததும் அந்த நடுவில்தான்.

அவள் கணவர் நர்ஸ். ஓய்வு நேரத்தில் ஸ்வெட்டர் பின்னுவார். சாயங்காலம் அவருடைய சிவப்புக் கம்பளி நூலில் கைவைத்தாள்.

"ஏய், இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு!"

"ஒத்தைக் கை ஸ்வெட்டர்தான் இப்ப ஃபேஷன். குடுங்க."

மறுநாள் காலை அவளும் மெக்கானிக்குமாக இருநூற்று நாற்பது நூல் துண்டுகளை ஒரு முனை மட்டும் ஒட்டும்படி இறக்கைமேல் ஒட்டினார்கள்; காற்று போகும் பக்கத்தை நூலே காட்டிக்கொடுக்கும். பிறகு கண்ணாடிக்கு வெளியே வந்தார்கள்; அங்கே மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விசிறி உறுமியது. நூல்கள் எல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்தன. மெக்கானிக் இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். எட்டு டிகிரி. பத்து. ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டில் ஒரு நூல் துடித்தது. உடனே பத்து, இருபது! ஒரு திட்டு முழுக்கச் சிலிர்த்து எழுந்து முன்பக்கமாகத் திரும்பிச் சாட்டை வீசியது.

"ஒண்ணு!" என்று கத்தினாள். "ரெண்டு!"

மூன்றாவது வரவில்லை.

"இன்னும் அரை டிகிரி, அண்ணே!"

அவர் திருகினார். குப்பென்று எழுந்தது மூன்றாவது! அவள் படத்தில் பார்த்த அதே இடம். குதித்த குதியில் செருப்பு ஒன்று எங்கோ பறந்தது. மெக்கானிக் விசில் அடித்தார்.

"ஓட்டை வலைல இல்லை, என் வாய்லதான்," என்றார் மேலாளர்.

இறக்கை வார்ப்பதற்கான அச்சை வெட்டும் வேலையை அன்றே நிறுத்தினார்கள். காற்று பிய்த்துக்கொள்ளாமல் ஒட்டிப் போக, தடித்த பகுதியில் கட்டைவிரல் அளவுச் சிறு தகடுகளை வரிசையாக வைத்து அவள் மறுபடி கணக்கை ஓட்டினாள். சுழல்கள் அடங்கிப்போயின. கூடத்திலும் நூல்கள் அசையாமல் படிந்து கிடந்தன. அந்தத் தகடுகளோடுதான் இறக்கை தயாரிப்புக்குப் போனது.

அடுத்த வாரமே மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். "சார், இனி ஒரு இறக்கை பத்தாது. முழுக் காற்றாலையும் சுத்தச் சுத்தக் கணக்குப் போடணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம் சார்."

அவர் தலையாட்டி முடிப்பதற்குள் அவள் தன் இருக்கைக்குப் போய் முதல் கட்டத்தை வரைய ஆரம்பித்திருந்தாள்.