ஓவனில் வெந்த பித்தளை

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐடஹோ மலைச்சாலையில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் காலையிலும், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, அலட்டிக்கொள்ளாமல் வளைவெடுப்பாள். ஆனால் தான் செய்த தப்பைக் கணவனிடம் ஒப்புக்கொள்ளச் சொன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை அடைத்தது போலாகிவிடும்.

கணவன் டுவேன், சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்து, கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்புவான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். உள்ளே ஈரம் தங்கினால் மருந்து பாழ். அதனால் கழுவிய கூடுகளைத் தட்டில் பரப்பி, ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகிக் காயவைப்பான். ஒருநாள், வேலை பார்க்கும் மர ஆலையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று ஓவனை அணைத்து மூடிவிட்டுத் தட்டை எடுக்காமல் போனான்.

அன்றுதான் மாமியார் விருந்துக்கு வருகிற நாள். வெர்னா உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், ஓவன் பழுக்கச் சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து திறந்தபோது கூடுகளெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டுவேன் கூடுகளுக்கு மெருகேற்றும் உருட்டு இயந்திரத்தில் நொறுக்கிய சோளச்சக்கையோடு போட்டு, கறுப்பு போகும்வரை உருட்டினாள். புதுசு தோற்றுப்போகும்படி மின்னின.

"எவ்வளவு பளபளப்பு பாரு. ரெய்னா துப்பாக்கிக்கு இதுதான்" என்று டுவேன் பூரித்துப்போய் மருந்து நிரப்பினான். ரெய்னா அவர்கள் மகள். இந்த வருஷம்தான் சொந்தத் துப்பாக்கி வாங்கியிருந்தாள்.

எல்க் மான் வேட்டை தொடங்கிய காலை, அப்பாவும் மகளும் இருட்டோடு மலையேறிவிட்டார்கள். வெர்னா தேவாலயத்தில் பான்கேக் சுட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். துப்பாக்கி பழுதுபார்க்கும் கிளைட், முழங்கால் வலி என்று ஊரோடு தங்கிவிட்டவர், தட்டை நீட்டினார். சிரிக்க வைக்கலாமே என்று அந்த ஓவன் கதையை அவரிடம் அவிழ்த்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கூடெல்லாம் எங்க இப்ப?"

"ரெய்னாகிட்ட. ஏன்?"

"பித்தளை அவ்ளோ சூடு பட்டா மெத்துனு ஆயிடும் வெர்னா. அடிப்பக்கம் தாங்காது. சுடுறப்ப பிஞ்சுதுன்னா, தீ பின்னால மூஞ்சிக்குத்தான் வரும். கண்ணு போயிடும்மா."

கரண்டியை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வண்டியை விரட்டினாள். தூரத்தில் எங்கோ வெடிச்சத்தம் கேட்டது. அது ரெய்னாவா, வேறு யாராவதா? மலைப்பாதை முடிகிற இடத்தில் வேட்டைக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. செல்போனில் சிக்னல் இல்லை. அத்தனை பெரிய காட்டில் மகளை எங்கே தேடுவது?

மான் நின்றால்தானே சுடுவாள்?

ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. வேட்டை நாளில் அந்த மலையில் கதவை அறைந்து சாத்தினாலே சண்டைக்கு வருவார்கள். முதலில் இறங்கி வந்தவன் கண்ணாடியைத் தட்டினான்.

"பைத்தியமா உனக்கு? மந்தையே ஓடிப்போச்சு."

"ஓடட்டும்" என்றாள். கை ஹாரனிலிருந்து நகரவில்லை. இன்னும் சிலர் வந்து திட்டினார்கள். பிறகு டுவேன் வந்தான். தனியாக வந்தான்.

"ரெய்னா எங்க?"

"மேல இருந்தா. சுடுறதுக்குக் குறி வச்சுட்டிருந்தா. என்னடி இது கூத்து?"

அதற்குள் மரங்களுக்கு நடுவே ரெய்னா தெரிந்தாள், முகமெல்லாம் கோபமாக. வெர்னா ஓடிப்போய் அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண், கன்னம், காது எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னாள். டுவேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரெய்னா துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தாள். காலை வெயிலில் அது மின்னியது.

"கறுப்பாவே விட்டிருந்தா அப்பாவே தூக்கிப் போட்டிருப்பாரேம்மா" என்றாள்.