படைகளுக்கு விதி எழுதியவரின் படம்

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே நானும் என் கணவரும் ஒரு ஸ்டூடியோ நடத்திவந்தோம். அவர் படம் எடுப்பார். பிலிம் கழுவுவதும் படத்தைத் தூரிகையால் திருத்துவதும் என் வேலை. இராணுவச் சுற்றிவளைப்புகள் மலிந்திருந்த வருடங்கள் அவை. அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது என்பதால் கல்யாணப் படங்களைவிட அட்டைப் படங்களே அதிகம் எடுத்தோம்.

ஒரு காலை, நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் பெண் சட்டத்தரணி ஒருவர் துணியில் சுற்றிய பழைய படமொன்றோடு வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான்; எல்லோரும் அவரை மிஸ் என்போம். தடித்த அட்டையில் ஒட்டிய, பழுப்பேறிய படம். உயர்ந்த கழுத்துப்பட்டி அணிந்த வெள்ளைக்கார முதியவர் ஒருவர், கேமராவைப் பார்க்காமல் சற்று அப்பால் பார்த்தபடி கதிரையில் இருந்தார். தோள்பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கொடுத்ததாம். முழுவதும் அழியுமுன் ஒரு பிரதி வேண்டும் என்றார்.

அரித்த இடத்தை வரைந்து நிரப்பவா என்று கேட்டேன்.

"வேண்டாம். உள்ளதை உள்ளபடி எடுங்கோ."

இவர் யார் என்று சும்மாதான் கேட்டேன். நூறு வருடத்துக்கும் முந்திய சட்ட அறிஞர் என்றார். சண்டை நேரத்தில் படை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விதி எழுதியவர்களில் ஒருவராம். பிடிபட்டவனை வதைக்கக்கூடாது, ஆயுதமில்லாத சனத்தைத் தொடக்கூடாது என்றெல்லாம் எழுதினாராம்.

படத்தை மேசையில் வைத்தேன். பதினொரு நாட்களுக்கு முன் கீரிக் கிராமத்தில் நடந்த சுற்றிவளைப்பில் என் தம்பியைக் கொண்டுபோயிருந்தார்கள். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றவன். அப்பா முகாம் வாசல்வரை போய், கேட்கத் துணியாமல் திரும்பி வந்திருந்தார். கேட்டால் அவனுக்கு இன்னும் கேடு வரும் என்று வீட்டில் எல்லோரும் வாய் மூடியிருந்தோம்.

"அந்த விதி எங்கட ஆக்களுக்கும் பொருந்துமோ மிஸ்?"

அவர் படத்தை விட்டு என்னைப் பார்த்தார். யாரைப் பிடித்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும், படம் எடுக்க வருபவர்களுக்கான ஸ்டூலில் இருந்துவிட்டேன்.

"பொருந்தும் எண்டு அவை தாங்களாச் சொல்லமாட்டினம். நாங்கள்தான் போய்க் கேக்கவேணும்," என்றார்.

தம்பியின் அட்டைப் படத்து நெகட்டிவ் எங்களிடமே இருந்தது. அன்றே, மிஸ் கொண்டுவந்த படத்தைப் பிரதி எடுத்த கையோடு, அவன் படத்தில் மூன்று பிரதிகள் போட்டேன். மருந்துத் தட்டில் அவன் முகம் மெல்லத் தெளிந்து வந்தபோது அழுதுவிட்டேன். கணவர் பிரதிகளை எடுத்துக் காயப்போட்டார்.

மறுநாள் மிஸ்ஸோடு முகாமுக்குப் போனேன். அப்படி ஒருவர் இல்லை என்றார் அதிகாரி. மிஸ் குரலை உயர்த்தவில்லை. சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். இந்தப் படத்தில் இருப்பவர் இங்கே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று கேட்டதாகப் பிறகு எனக்கு விளக்கினார். அதிகாரி பேனாவை எடுத்தார், எழுதவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெயிலில் நெடுநேரம் நின்றோம். கழுதையொன்று முள்வேலித் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்து நீட்டிய துண்டுக் காகிதத்தில் தம்பியின் பெயரும் வேறொரு முகாமின் பெயரும் இருந்தன.

அந்தத் துண்டை வைத்து மிஸ் வழக்குப் போட்டார். விஷயம் பரவியது. விடத்தல்தீவிலிருந்து இரண்டு தாய்மாரும், முசலிப் பக்கத்திலிருந்து ஒரு வாப்பாவும் பிள்ளைகளின் படங்களோடு என்னிடம் வந்தார்கள். பெரிதாக்கிக் கொடுத்தேன். எல்லோருக்கும் பதில் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள் மிஸ் வழக்கு வேலை பார்க்கும் கந்தோர் வாசலில் வந்து நின்றார்கள்; ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

பிடிபட்ட ஐந்தாம் மாதம் தம்பி வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கினான். அரைவாசியாக மெலிந்திருந்தான்.

"அக்கா, ஒருத்தர் என்ர படத்தைக் கொண்டுவந்து முகத்தோட வைச்சுப் பாத்தவர். அதுக்குப் பிறகு ஒருத்தரும் எனக்கு அடிக்கேல்லை," என்றான்.

அடுத்த கிழமை அவன் அப்பாவோடு கடலுக்குப் போனான். அன்று மீன் அதிகம் படவில்லை. இருந்ததைக் கொண்டு அம்மா குழம்பு வைத்து, அயல் வீடுகளையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார்.